டா நாங்கில் ஒரு போணி

மார்ச் 8, சனி. சங்கரன்கோவில்

பெயின்ட் கம்பெனி வருடா வருடம் கொடுக்கிற டைரி இது. இந்த வருடமும் அட்டையில் 'திரு. சங்கரலிங்கம்' என்று தங்க எழுத்தில் அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் காலமாகி ஒரு வருடம் இரண்டு மாதம் ஆகிறது. கம்பெனிக் கம்ப்யூட்டருக்கு யாரும் துஷ்டி சொல்லவில்லை போலிருக்கிறது. முதலில் எரிச்சலாக வந்தது. அப்புறம், நல்ல தாள் வீணாய்ப் போவானேன் என்று நானே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாளைக்கு வியட்நாம் போகிறேன். எழுதிப் பார்த்தாலும் நம்பிக்கை வரவில்லை. டார்கெட்டை முடிக்கும் டீலர்களைக் கம்பெனி வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகும். இவர் நான்கு தடவை போய்வந்தார். எனக்கு நான்கு டப்பா சாக்லேட் வந்தது. இந்தத் தடவை டார்கெட் முடிந்தது இவர் போன பிறகு. "கடை உங்க பேர்லதாம்மா இருக்கு. சீட்டு ரெண்டு. நீங்கதான் வரணும்" என்று கம்பெனி ஆள் பிரான்சிஸ் ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

அண்ணாச்சி இல்லாமல் டார்கெட்டை எப்படியம்மா எட்டினீர்கள் என்றும் கேட்டார். என் கொழுந்தன் திருமலைவேல்தான் கல்லாவில் உட்காருகிறார், அவரைக் கேளுங்கள் என்றேன். அது உண்மைதானே. பெயின்டர்கள் சாயங்காலமானால் எனக்குப் போன் போடுவார்கள். எந்தச் சுவருக்கு எந்தக் கலர் நம்பர், எத்தனை லிட்டர் என்று சொல்வேன். மறுநாள் அவர்கள் கடையில் போய் வாங்குவார்கள். அதெல்லாம் ஒரு வேலையா என்ன. காலையில் நான் கடைக்குப் போவதில்லை. வீட்டில் வேலை இருக்கிறது.

துணைக்குத் திருமலையின் மனைவி செண்பகம் வருகிறாள். செலவுப் பணத்தை அவர் அவள் கையில்தான் கொடுத்தார். "உங்களுக்கு எதுக்கு மதினி அந்தத் தொல்லை? செண்பகம் பாத்துக்கிடுவா. நீங்க சும்மா சுத்திப் பாத்துட்டு வாங்க. வந்ததும் திங்கக்கிழமை பதினோரு மணிக்கு வக்கீல் ஆபீஸ்ல அந்த ஒத்தக் கையெழுத்து. அவ்வளவுதான்."

கடையை அவர் பேருக்கு மாற்றுகிற கையெழுத்து. பன்னிரண்டு லட்சம் தருகிறார். "உங்களுக்குப் பின்னால யாரு மதினி இருக்கா?" என்று கேட்டார். பிள்ளை இல்லாதவளிடம் இதைவிட மரியாதையாகக் கேட்க முடியாது. சரி என்றுவிட்டேன். ஒரு நிம்மதி.

சூட்கேசுக்குத் துணி எடுக்கும்போது இவருடைய கடைச் சாவிக்கொத்து பீரோவில் தட்டுப்பட்டது. எண்ணெய் போட்டுத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மார்ச் 10, திங்கள். டா நாங்

மூன்று விமானம், இரண்டு இட்லி. கால் வீங்கிப் போனது. டீலர்கள் முப்பத்தாறு பேர் வந்திருக்கிறார்கள். பொம்பளைகள் நாங்கள் இரண்டே பேர். ஆம்பளைகள் விமானத்தில் ஆரம்பித்த குடியை இன்னும் நிறுத்தவில்லை.

இந்த ஊர்ப் பணத்துக்கு டாங் என்று பெயர். செண்பகம் டாலரைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்து கட்டிலில் பரப்பினாள். ஐம்பது லட்சம்! யாத்தாடி! கணக்குப் போட்டுப் பார்த்தால் நம் ஊருக்குப் பதினேழாயிரம் ரூபாய். மூன்று சைபரை வெட்டு, மிச்சத்தை மூன்றால் பெருக்கு, பத்துக்கு நாலு ரூபாய் கூட்டிக்கொள். அவ்வளவுதான் கணக்கு. செண்பகம் ஒவ்வொன்றுக்கும் போனைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். பி.காம். படித்தவள்.

சாயங்காலம் ஹோட்டல் வாசலில் இளநீர் குடித்தோம். இருபதாயிரம். செண்பகம் ஒரு நீலத் தாளை நீட்டிவிட்டு நடையைக் கட்டினாள். நான் பாய்ந்து போய் இளநீர்க்காரர் கையையே பிடித்துவிட்டேன். அவள் கொடுத்தது ஐந்து லட்சம்! இருபதாயிரமும் நீலம், ஐந்து லட்சமும் நீலம்.

"ரெண்டும் ஒரே கலராத்தானேக்கா இருக்கு?" என்கிறாள்.

"ஒரே கலரா? இது ஊதா சேர்ந்த நீலம். அது பச்சை சேர்ந்த நீலம். பெயின்ட் கடைக்காரி வீட்ல வாக்கப்பட்டு இதுகூடத் தெரியலியா ஏட்டி?"

இளநீர்க்காரர் சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பிக் கொடுத்தார். நல்ல மனிதர். செண்பகத்தின் முகம்தான் சுண்டிவிட்டது. பணப்பையை இன்னும் இறுக்கமாகக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். அவளை என்னோடு அனுப்பியது துணைக்கா, காவலுக்கா என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஒரு மலைக்குக் கூட்டிப்போனார்கள். வெள்ளைக் கல்லில் படி, மேலே குகைக்குள் புத்தர் கோவில். இறங்கும்போது செல்பி எடுத்த செண்பகம் மூன்று படி தவறினாள். வலது கணுக்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, எலும்பு முறியவில்லை, ஆனால் பத்து நாள் காலை ஊன்றக்கூடாது என்றார்கள்.

அறைக்கு வந்து படுத்ததும் பணப்பையை என்னிடம் நீட்டினாள். "எக்கா, இனிமே நீங்கதான் பாத்துக்கிடணும். அவுககிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்று அழுதாள். பையை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டேன். நாற்பத்து மூன்று லட்சத்து அறுபதாயிரம் இருந்தது. கல்யாணமான இருபத்தாறு வருடத்தில், செலவுக்கு என்று என் கைக்கு வந்த பெரிய தொகை இதுதான். இதை எழுதும்போது கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது.

மார்ச் 12, புதன்

நாலரைக்கு வாசல் தெளிக்க எழுந்தே பழகிய உடம்பு. இங்கே அப்போது மணி ஆறு. மற்றவர்களெல்லாம் ஒன்பதரைக்கு பஸ்ஸில் எங்கோ போகிறார்கள், நான் செண்பகத்துக்காக இருந்துவிட்டேன். அவளுக்கு ஏதாவது கஞ்சி மாதிரி வாங்கலாம் என்று தனியே கிளம்பினேன்.

ரோட்டைக் கடப்பது ஒரு பாடம். பைக் பைக்காக வந்துகொண்டே இருக்கிறது. நம் ஊரில் கையைக் காட்டிக்கொண்டு ஓடுவோம். இங்கே ஓடக்கூடாது, நிற்கவும் கூடாது. ஒரே நிதானத்தில் நடந்தால் அவர்கள் நம்மைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். பிரான்சிஸ் சொல்லியிருந்தார். முதலில் எங்கள் ஊர்ச் சாமி சங்கரநயினாரைக் கூப்பிட்டுக்கொண்டு இறங்கினேன். நடுரோட்டில் அவரையும் மறந்துவிட்டேன், கால் தானாகப் போனது.

கஞ்சி கிடைத்தது. அரிசிக்கஞ்சிதான், மேலே வெங்காயத்தாள் தூவித் தருகிறார்கள். அதை வாங்கிக்கொண்டு பின் சந்து வழியாக வந்தேன். ஒரு கடை அப்போதுதான் கதவு திறந்தது. துணிப்பைகள், தொப்பிகள். கடைக்காரிக்கு என் வயது இருக்கும். பூவேலை செய்த பை ஒன்று நன்றாக இருந்தது. கால்குலேட்டரில் நூற்றிருபது, அதாவது நூற்றிருபதாயிரம், என்று தட்டிக் காட்டினாள். நான் நாற்பது தட்டினேன். அவள் நூறு. நான் ஐம்பது. அவள் எண்பது வரை இறங்கி வந்தாள். அது நியாயமான விலை என்று எனக்கே தெரியும். ஆனால் பழக்கம் விடுமா? வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு நடந்தேன். கடைத்தெருவில் என்ன வழக்கம்? நாம் நாலு எட்டு வைப்போம், கடைக்காரர் "சரி வாங்கக்கா" என்று கூப்பிடுவார்.

நாலு எட்டு வைத்தேன். கூப்பிடவில்லை. எட்டு எட்டு. திரும்பிப் பார்த்தேன்.

அவள் வாசல்படியில் நின்று ஒரு தாளைக் கொளுத்தி, நான் நின்ற இடத்தையும் நான் தொட்ட பைகளையும் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். கங்கு விரலைத் தொடும் சமயத்தில் அதைத் தெருவில் எறிந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கஞ்சியைச் செண்பகத்திடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மார்ச் 12, அதே நாள்

எப்படித் தெரிந்தது அவளுக்கு? நெற்றியில் வெறும் திருநீறு. கழுத்தில் ஒன்றும் இல்லை. அது இந்த ஊர்க்காரிக்கு என்ன தெரியும்? மூன்று விமானம் ஏறி வந்தாலும் கூடவே வருமா இது?

மார்ச் 13, வியாழன்

மருந்து வாங்கியாக வேண்டும், போகத்தான் வேண்டும். ஹோட்டல் வரவேற்பில் இருக்கும் லான் என்ற பெண் மருந்துக்கடைப் பேரை எழுதிக் கொடுத்தாள். செண்பகம் அவள் போனைக் கொடுத்து பைக் டாக்சி கூப்பிடச் சொல்லிக்கொடுத்தாள். நாம் இருக்கும் இடம், போகும் இடம், எவ்வளவு காசு, ஓட்டுகிறவர் முகம், எல்லாம் போனிலேயே வருகிறது. பேரமே இல்லை. எனக்குச் சப்பென்று இருந்தது.

சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்தேன். ஓட்டுகிறவர் பச்சை ஹெல்மெட்டை நீட்டினார். கொண்டை நுழையவில்லை, அவிழ்த்துப் பின்னலாக்கினேன். காற்று மூஞ்சியில் அடித்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன், அவரும் சிரித்தார்.

மருந்து வாங்கியாயிற்று. திரும்பும்போதுதான் வினை. போனில் சார்ஜ் போய்விட்டது. ரோட்டோரம் நின்ற பைக்காரர் ஒருவரிடம் ஹோட்டல் அட்டையைக் காட்டினேன். அவர் ஐந்து விரலைக் காட்டினார். ஐம்பதாயிரம். போகும்போது இருபத்தைந்துதான் ஆனது. இரண்டு விரலும் அரை விரலும் காட்டினேன். சிரித்துக்கொண்டே ஏறச் சொன்னார். கொண்டுபோய் இறக்கிவிட்டது அதே பேருள்ள வேறொரு ஹோட்டல், கடற்கரைப் பக்கம். அவர் மேல் தப்பில்லை, அட்டையில் இரண்டு விலாசமும் இருக்கிறது. நான் மேலே இருந்ததைக் காட்டியிருக்கிறேன். புரிவதற்குள் அவர் போய்விட்டார்.

ஐந்து நிமிடம் அழுகை அழுகையாக வந்தது. இவர் இருந்தால் என்று நினைத்தேன். இவர் இருந்தால் என்னைக் கூட்டிக்கொண்டே வந்திருக்க மாட்டார் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆற்றின் மேல் மஞ்சளாக டிராகன் பாலம் தெரிந்தது. எங்கள் ஹோட்டல் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜன்னலில் இருந்து அதன் வால் தெரியும். கையில் பணம் இருக்கிறது, கால் இருக்கிறது, பாலம் இருக்கிறது. பிறகென்ன?

முதலில் ஒரு கடையில் போய் உட்கார்ந்து உப்புப் போட்ட காபி குடித்தேன். இருபத்தைந்தாயிரம். தனியாக ஒரு கடையில் உட்கார்ந்து காபி குடிப்பது இதுதான் முதல் தடவை. நன்றாகவே இருந்தது. உப்புதான் கொஞ்சம் கூடுதல். அப்புறம் பாலத்தில் நடந்து வந்து சேர்ந்தேன். முப்பத்தைந்து நிமிடம்.

லான் சிரித்தபடி எதிரே வந்தாள். அவளிடம் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. போனைச் சார்ஜில் போட்டு, தமிழில் பேசினால் அவர்கள் மொழியில் சொல்லும் அந்த வித்தையைச் செண்பகத்திடம் கேட்டுக்கொண்டு கீழே வந்து செய்தேன். நேற்றுக் காலையில் ஒரு கடைக்காரி எனக்குப் பின்னால் காகிதம் கொளுத்தினாள், ஏன் என்று கேட்டேன்.

லானுக்கு முகம் சிவந்துவிட்டது. போன் அவள் பதிலைச் செய்தி வாசிக்கிற குரலில் சொல்லிற்று. "தயவுசெய்து கோபப்படாதீர்கள். நாளின் முதல் வாடிக்கையாளர் விலை பேசிவிட்டு வாங்காமல் சென்றால், அன்று வியாபாரம் கெடும் என்று சிலர் நம்புகிறார்கள். அந்தக் கெடுதலைப் போக்கக் காகிதம் எரிப்பார்கள்."

போணி! அட, போணி! இங்கேயுமா?

கேட்கவா வேண்டாமா என்று இருந்து, கேட்டேவிட்டேன். "புருஷன் இல்லாத பொம்பள முதல் ஆளாப் போனா?"

லான் போனைக் காதில் வைத்து இரண்டு தடவை கேட்டாள். அவளுக்கு விளங்கவில்லை. பிறகு பேசினாள். "என் அம்மாவுக்கு நூடுல்ஸ் கடை இருக்கிறது. என் அப்பா இறந்து ஒன்பது வருடம். தினமும் ஐந்து மணிக்கு அம்மாதான் கடையைத் திறக்கிறார். அம்மா திறக்காவிட்டால் யார் திறப்பது?"

நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். செண்பகம் பார்க்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

இனி எழுதிவிடுகிறேன். காலையில் கடைக்கு நான் ஏன் போவதில்லை என்பதை. இவர் காரியமெல்லாம் முடிந்து நாற்பதாம் நாள், காலை ஏழரைக்குக் கடைக்குப் போனேன். திருமலை வாசலிலேயே மறித்தார். "மதினி, போணி ஆயிரட்டும். அப்புறமா வாங்க" என்றார், குரலைத் தாழ்த்தி, ரொம்ப மரியாதையாக. திரும்பிவிட்டேன். தெருமுனையில்தான் குடை ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தால் நான் நின்ற படியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். குடையை இன்றுவரை நான் எடுக்கவில்லை.

இந்தக் கடைக்காரி நான் யார் என்று பார்த்துக் கொளுத்தவில்லை, நான் செய்த காரியத்துக்குக் கொளுத்தியிருக்கிறாள். நானும் இருபத்தாறு வருடம் கடைத்தெருவில் இருப்பவள்தானே, முதல் ஆளாய்ப் போய் ஆசை காட்டிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். எண்பதுக்கு வந்தாளே புண்ணியவதி! செய்த தப்பு என்றால் திருத்தலாம். அதை நினைக்க நினைக்க மனசு லேசாகிறது.

மார்ச் 14, வெள்ளி

ஆறே காலுக்கே போய் அந்தச் சந்தில் நின்றேன். அவள் கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். முகத்தில் 'இன்றைக்குமா?' என்று இருந்தது.

நேரே போய் அந்தப் பூவேலைப் பையை எடுத்தேன். கால்குலேட்டரை அவள் நீட்டவே இல்லை. நானே அதை வாங்கி நூற்றிருபது என்று தட்டினேன். முதல் நாள் அவள் சொன்ன முழு விலை. அவள் தலையை ஆட்டி எண்பது தட்டினாள். நான் விடவில்லை. நூற்றிருபது. விற்கிறவள் குறைக்க, வாங்குகிறவள் கூட்ட, இப்படி ஒரு பேரத்தை என் ஜென்மத்தில் பார்த்ததில்லை. கடைசியில் நூற்றுக்கு முடிந்தது. இரண்டு கையாலும் பணத்தைக் கொடுத்தேன், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நெஞ்சில் விரலை வைத்து "மாய்" என்றாள். நானும் வைத்து "ஆவுடைத்தங்கம்" என்றேன். அவள் சொல்லிப் பார்த்தாள், பாதியில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அறைக்கு வந்து பையைச் செண்பகத்திடம் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தால் போர்வையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

"எக்கா, அன்னைக்கு அந்தக் கற்பூரத்தை டிபன் பையில வச்சு அனுப்புனது நான்தான். அவுக கேட்டாக. நான் ஏன்னுகூடக் கேக்கல."

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயம். ஜன்னல் பக்கம் போய் டிராகன் வாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கட்டு மாற்றுகிற நேரம் வந்துவிட்டது. அவள் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

கட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் சொன்னாள். "பன்னெண்டு லட்சத்துக்குக் கையெழுத்துப் போடாதீங்க. சரக்கு மட்டுமே முப்பத்தெட்டு லட்சம் இருக்கும்னு அவுக வக்கீல்கிட்டப் பேசுனாக. என் காதால கேட்டேன்."

"முப்பத்தொன்பதே கால்" என்றேன்.

அவள் வாயைப் பிளந்தாள். "தெரிஞ்சேவா ஒத்துக்கிட்டீங்க? ஏங்க்கா?"

"காலைல யாரு ஏட்டி திறக்கிறது? நான் திறந்தா யாரு வாங்குவா?"

ஆனால் பன்னிரண்டு லட்சம் என்ற சொல்லுக்கு முன்பு இருந்த மிரட்டல் இப்போது இல்லை. இந்த ஊரில் நான்கு நாளாக லட்சம் லட்சமாகத்தான் மருந்தும் கஞ்சியும் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 15, சனி

காலையில் லான் அறைக் கதவைத் தட்டினாள். கீழே மாய் வந்திருந்தாள்! முந்தின நாள் கடையில் மத்தியானத்துக்குள் பதினேழு பை விற்றுப்போனதாம், ஒரு கொரியாக்காரக் கூட்டம் வந்து அள்ளிக்கொண்டு போனதாம். இன்றைக்கும் நான்தான் முதல் ஆளாக வரவேண்டுமாம், காசு வேண்டாமாம். போன் இதையெல்லாம் அதன் செய்திக் குரலில் சொல்லிற்று. "உங்கள் கை நல்ல கை என்று அவர் கூறுகிறார்."

என் கையையா? திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். விரலெல்லாம் வெங்காயம் நறுக்கின தழும்புதான் இருக்கிறது.

காசு கொடுக்காமல் வாங்கினால் போணியாகுமா? ஒரு தொப்பி வாங்கினேன். நாற்பதாயிரம், பேரமில்லாமல். நான் போவதைச் சந்து முனை வரை வந்து நின்று பார்த்தாள். இந்தத் தடவை நெருப்பு இல்லை, கையைத்தான் ஆட்டினாள்.

மத்தியானம் விமானம். செண்பகத்தைச் சக்கர நாற்காலியில் வைத்து நானே தள்ளினேன். பாஸ்போர்ட், சீட்டு, பணம் எல்லாம் என் இடுப்பில்.

மார்ச் 16, ஞாயிறு. சங்கரன்கோவில்

திருமலை மதுரைக்கு வண்டி கொண்டுவந்திருந்தார். மீதிப் பணத்தைக் கணக்குச் சீட்டோடு அவர் கையில் கொடுத்தேன். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செண்பகத்தைப் பார்த்தார். அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டாள். "நாளைக்குப் பதினோரு மணி, மதினி. பத்திர வேலை இருக்கு, கடைய மத்தியானம்தான் தெறப்பேன்" என்றார். "மறக்கலை தம்பி" என்றேன்.

சாவிக்கொத்து பீரோவில்தான் இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

ஆறே முக்காலுக்கு ஷட்டரைத் தூக்கினேன். அது போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வாசல் தெளித்து, கோலம் போட்டு, சாம்பிராணி காட்டி, கல்லா நாற்காலியில் உட்கார்ந்தேன். என் குடை ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, தூசி படிந்துபோய்.

ஏழு, ஏழரை. எங்களிடம் பதினைந்து வருடமாக வாங்கும் பெயின்டர் மைக்கேல் டீ கிளாசோடு நின்று பார்த்தார். சாயங்காலமானால் போனில் "அண்ணியாரே, அண்ணியாரே" என்கிறவர் ரோட்டைத் தாண்டவில்லை. இன்னும் இரண்டு பேர் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்கள். புது ஆள் ஒருவர் படிவரை வந்தார். என் நெற்றியைப் பார்த்தார். "அண்ணாச்சி இல்லியா? பொறவு வாரேன்" என்று போய்விட்டார். எட்டு மணி. பதினோரு மணிக்கு வக்கீல் ஆபீசுக்கே போய்விடலாம், எதற்கு இந்த வீம்பு என்றுகூட நினைத்துவிட்டேன். பொய் சொல்வானேன்.

எட்டே காலுக்கு வாசலில் ஆட்டோ நின்றது. செண்பகம் இறங்கினாள். கட்டுப்போட்ட காலோடு, ஆட்டோக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு, படியேறி வந்தாள். தோளில் மாயின் பூவேலைப் பை. அதை அவளுக்கே கொடுத்திருந்தேன்.

"நாலு இஞ்சு பிரஷ் ஒண்ணு குடுங்க."

"ஏட்டி, கால ஊணப்பிடாதுன்னாங்களே! பிரஷ் எதுக்கு உனக்கு?"

"எதுக்குன்னு கடைக்காரங்க கேக்கலாமா? எவ்வளவு?"

"நூத்திநாப்பது."

பேரம் பேசவில்லை. இருநூறு ரூபாய்த் தாளை இரண்டு கையாலும் நீட்டினாள். எனக்குக் கண் மறைத்தது. "வீட்டாளு வாங்குனா போணியாகாது செண்பகம்" என்றேன்.

"நான் வீட்டாளா வரலக்கா. கஸ்டமரா வந்திருக்கேன். பில் போடுங்க."

பில் போட்டேன். தாளைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டு, அறுபது ரூபாய் மிச்சம் கொடுத்தேன். அவள் பிரஷ்ஷைப் பையில் போட்டுக்கொண்டு வாசலைப் பிடித்தபடி டீக்கடையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"மைக்கேலண்ணே, போணி ஆயிட்டு! இனி வரலாம்லா?"

தெருவே சிரித்தது. மைக்கேல் கிளாசைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு ரோட்டைத் தாண்டி வந்தார். பிரைமர் இருபது லிட்டர், சுவர்ப் பட்டி மூன்று மூட்டை. அவருக்குப் பின்னால் மற்ற இரண்டு பேர். பத்து மணிக்குள் பதினோராயிரத்துச் சொச்சம்.

வீட்டில் என்னைத் தேடிவிட்டு, பத்தரைக்குத் திருமலை கையில் பைலோடு வந்தார். படியிலேயே நின்றுவிட்டார். உள்ளே ஆள், ஸ்டூலில் அவர் மனைவி, கல்லாவில் நான்.

"மதினி... வக்கீல் காத்திருப்பாரு."

"போன் போட்டு வேண்டாம்னுருங்க தம்பி. உள்ள வாங்க. அந்த இருபது லிட்டர் பெயின்ட மிஷின்ல வச்சுக் குலுக்குங்க, நம்பர் நான் சொல்லுதேன். சம்பளமா பங்கான்னு சாயங்காலம் உக்காந்து பேசுவோம்."

அவர் முகம் கறுத்தது. செண்பகத்தைப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை. பைலை அலமாரி மேல் வைத்தார், மெதுவாகச் சட்டைக் கையை மடக்கினார். எனக்கு அவர் மேல் கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் வேலை தெரிந்த மனிதர்.

மார்ச் 18, செவ்வாய்

ஆறே முக்கால், கடை திறந்தேன். ஏழு பத்துக்குப் போணி. ஆள் புதுசு, பேர் தெரியாது, அரை லிட்டர் வார்னிஷ். விலை கேட்டு, பேரம் பேசி, வேண்டாம் என்று நாலு எட்டு வைத்தார். "சரி, வாங்க அண்ணாச்சி" என்று கூப்பிட்டு ஐந்து ரூபாய் குறைத்துக் கொடுத்தேன். மிச்சத்தை எழுத நேரமில்லை, ஆள் வருகிறது.